மச்சம் தெரியக் கூடாது

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு மாடியில் பெத்துராஜ் போட்டோ ஸ்டுடியோ திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெளிச்சம் மட்டும் அவன் பேச்சைக் கேட்பதாக இல்லை. ஒன்று, மூக்கடியில் கரி பூசியதுபோல் நிழல் விழும். இல்லாவிட்டால் முகமே தோசைமாவாய் வெளுத்துவிடும்.

சுலோசனா அம்மாள் தன் இளைய மகன் ரகுவை ஸ்டூலில் உட்கார வைத்ததும், பெத்துராஜ் இரண்டு விளக்கையும் போட்டான்.

“மச்சம் இருக்கிற பக்கத்து விளக்கை அணைச்சிடுங்க தம்பி. அது தெரியக் கூடாது.”

“பொண்ணு வீட்டுக்கு அனுப்பவாம்மா? மச்சம் அழகாத்தானே இருக்கு!”

அவள் ரகுவின் வகிட்டை மாற்றிச் சீவினாள். பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். அவன் கண்ணைச் சுருக்கினான்.

கண்ணாடியில் விளக்கு பளபளத்தது. பெத்துராஜ் மச்சத்துப் பக்கத்து விளக்கை அணைத்து, மற்றதைக் கொஞ்சம் உயர்த்தினான். பளபளப்பு போயிற்று, மச்சமும் நிழலில் மறைந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“லேசா சிரிங்க சார்.”

“பல்லு தெரியாம சிரிடா,” என்றாள் சுலோசனா. “அவன் அப்படித்தான் சிரிப்பான்.”

எதிரே இருப்பவனைப் போய் ‘அவன்’ என்கிறாளே என்று நினைத்தபடி பெத்துராஜ் படம் எடுத்தான்.

“அசல் மாப்பிள்ளைக் களை! எத்தனை காப்பிம்மா?”

“ஒண்ணு போதும். சுவத்துல மாட்டுற மாதிரி பெரிசா.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “போலீஸ் தேட ஆரம்பிச்சதும், அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு பெரியவன் போட்டோவை எல்லாம் நானே அடுப்புல போட்டேன். போட்டோ இல்லாமலே கண்டுபிடிச்சு சுட்டுட்டாங்க. இப்போ மாலை போட ஒண்ணுகூட இல்ல தம்பி.”