கதவு எண் நாற்பத்தொன்று

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே ஜோதிலட்சுமி நிற்கிறாள். கையில் ஒரு படிவம்.

மகள் வர்ஷினிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க ஊசி போடுகிறார்களாம். அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்ற அம்மாக்கள் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.

படிவத்தை மூன்று தரம் படித்தாள். திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர், சும்மா போடுறீங்க? நல்ல ஊசின்னா காசு கேப்பீங்களே."

மேசைக்குப் பின்னால் இருந்தது ஜைதூன் பீ. சுகாதார நிலையத்து நர்ஸ். முப்பது வருஷமாக ஊசி போடுகிற கை.

"வாங்கினா ஏன் வாங்குறேன்னு கேப்பீங்க. வாங்கலேன்னா ஏன் வாங்கலேன்னு கேப்பீங்க. போட்ட கை ஒரு நாள் ரெண்டு நாள் வலிக்கும்மா. சில பேருக்குக் காய்ச்சல் அடிக்கும். போட்டதும் அரை மணி நேரம் இங்கயே உக்காரணும், தலை சுத்துதான்னு பாப்போம். அவ்ளோதான்."

"நாளைக்குக் கொயந்த தங்கலன்னா? நீயா வந்து பெத்துக் குடுப்ப?"

வரிசையில் நின்ற மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "யம்மா, மானத்த வாங்காத" என்று வர்ஷினி பல்லைக் கடித்தாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என் தங்கச்சி பொண்ணு சிம்ராவுக்கு என் கையாலதான் போட்டேன்."

ஜோதிலட்சுமி பாதி நம்பினாள். ஊசியைவிட அவளை உறுத்தியது படிவத்தின் மூன்றாவது வரி.

வீட்டு முகவரி.

ஆற்றோரத்தில் குடியிருந்தபோது இப்படித்தான் சிரித்த முகத்தோடு சிலர் வந்தார்கள். பேர் கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். போகும்போது கதவில் பெயிண்டால் 41 என்று எழுதினார்கள்.

கதவுக்கு ஒரு எண் வந்துவிட்ட சந்தோஷத்தில் அவள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

எட்டு மாதம் கழித்து அந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வீடுகளை இடித்தார்கள்.

இப்போது ஊருக்கு வெளியே, மாற்றாகக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி. மகளின் பள்ளிக்கூடம் மட்டும் பழையதே. ரேஷன் கார்டைத் தவிர வேறு எதிலும் அந்த முகவரியை அவள் எழுதுவதில்லை. அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அப்படித்தான். யார் படிவம் நீட்டினாலும் பழைய வீட்டு எண். ஃபோன் நம்பரில் ஒரு இலக்கம் மாற்றி.

இடித்த வீட்டை இன்னொரு தரம் இடிக்க முடியாது இல்லையா?

பேனா மூடியைக் கழற்றினாள். மூன்றாவது வரியில் எழுதினாள்: 41, நாவல்மரத் தோட்டம். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு மேசைமேல் போட்டாள்.

"கையெழுத்து போட மாட்டேன். போன வருசம் தேனாம்பேட்டையில நான் கூட்டிப் பெருக்கின ஆபீஸுக்கு உங்க ஆளுங்க வந்தாங்க. இதே நோய்க்குத்தான். பொம்பளைங்கள வரிசையா நிக்கவச்சு கர்ப்பப்பை டெஸ்ட் எடுத்துக்கினு போனாங்க. இன்னாச்சுன்னு இன்னி வரிக்கும் ஒரு ஈ காக்கா வந்து சொல்லிச்சா? எடுத்ததெல்லாம் எங்க கீது? எவன் வச்சிக்கினு கீறான்?"

ஜைதூன் பீயின் விரல் மூன்றாவது வரியில் நின்றிருந்தது.

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உறை வந்தது. மடித்து மடித்து ஓரம் துணி மாதிரி ஆகிவிட்ட உறை. அதன்மேல் பேனாவால் மூன்று தேதிகள். முதல் இரண்டுக்கு எதிரே 'ஆள் இல்லை'. மூன்றாவதற்கு எதிரே 'வீடே இல்லை'.

"நாவல்மரத் தோட்டத்துல இப்ப செடி வச்சு கம்பி வேலி போட்டிருக்காங்கம்மா. அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ரெண்டு தரம் போய்க் கேட்டேன், ஆளுங்க மாறிட்டாங்கன்னாங்க. ஃபோன் பண்ணா யாரோ கருணாகரன் எடுத்துத் திட்டுறாரு."

ஜோதிலட்சுமி குனிந்து பார்த்தாள். தன் பேர். அன்றைக்கும் தான் எழுதிக்கொடுத்த நாற்பத்தொன்று.

உறையைத் தொடவில்லை.

"நல்ல சேதின்னா மூணு தரம் தேடி வரமாட்டீங்க, இல்ல?"

ஜைதூன் பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மத்தியானம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஜோதிலட்சுமி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். 41ஐ ஒரே கோடாக அடித்தாள். பிளாக், மாடி, கதவு எண், ஃபோன் நம்பரின் பத்து இலக்கம், எல்லாவற்றையும் நிதானமாக எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்டதும் வர்ஷினி கையைத் தேய்த்துக்கொண்டே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்குத்தான் இந்த ஆர்ப்பாட்டமா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"பேசாம உக்காரு. அரை மணி நேரம்" என்றாள் அம்மா. உறை அவள் முந்தானைக்குள் இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. பால் பொங்குகிறது, போய் இறக்குங்கள். உங்களுக்கு வரவேண்டிய சேதி உங்கள் வாசலைத் தேடி நேரத்தோடு வந்து சேரட்டும். வந்து சேரும் நாளில் உங்கள் கதவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.