நாற்பத்தொரு கூரைகள்

பிற்பகல் வெயில் திரையில் விழுந்து கண்ணைக் கூசுகிறது. வரைபட அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவி ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு செயற்கைக்கோள் படத்தை இன்னும் பெரிதாக்குகிறாள். கணினி தானாகவே 'குளம்' என்று நிறம் தீட்டிய இடத்தில் இருப்பது தண்ணீர் இல்லை, நீலத் தார்ப்பாய்க் கூரைகள். நேற்று நேரில் போய் எண்ணிவிட்டு வந்து, நாற்பத்தொரு வீடுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கிறாள். இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் குடிநீர்க் குழாய் போடப்போகிறார்கள்.

"குளமாவே இருக்கட்டும்மா," என்கிறார் மேலாளர், தேநீரை ஊதியபடி. "அறிக்கை மேல போயாச்சு."

"சார், அங்க ஆளுங்க குடியிருக்காங்க. நானே பாத்தேன்."

"குளத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா குழாய்?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்க, அறையே சிரிக்கிறது. அவளுடைய பயிற்சிச் சான்றிதழ் மேலாளரின் முழங்கைக்கடியில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அது இல்லாமல் கல்லூரியில் பட்டம் தரமாட்டார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருக்கிறார். அவள் நாற்பத்தொன்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிறாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, 'களப்பணியில் மிகுந்த அக்கறை உள்ளவர்' என்று தன் கைப்பட ஒரு வரி சேர்த்து நீட்டுகிறார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்கிறாள்.