கொக்குகள் ஜெயித்தால் கல்யாணம்

"அந்தக் கை யாரோடதுன்னு தெரியாம நான் இங்கேருந்து நகர மாட்டேன், தம்பி."

மைதானத்துக்கு அடியில் இருந்த காவலர் அறையில் காஸ்மர் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து நாற்காலியில், கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு பெர்னிஸ் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். நிச்சயம் நடந்து நாற்பத்தொரு வருடம் ஆகிறது.

நிச்சயத்தன்று காஸ்மர் நாலு பேர் முன்னால் சத்தியம் செய்திருந்தார். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான லேக்பரோ கொக்குகள் கோப்பையை ஜெயிக்கும் வருடம்தான் கல்யாணம். அப்போதே கொக்குகள் ஐம்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எங்கே தோற்பது என்று நினைத்துவிட்டார்.

கொக்குகளைப் பற்றி அவர் நினைத்தது தப்பு. எதிரணியின் பஸ் வழியில் பழுதாகி, ஒருவருமே வந்து சேராத ஆட்டத்தில் இரண்டு ரன்னில் தோற்றவர்கள் அவர்கள். நான் அன்று மைதானத்தில் இருந்தேன். ஸ்கோர் பலகையில் எங்கள் பக்கத்து சைபரை மாற்றும் வேலையே வராததால், அதைப் பெயிண்டிலேயே எழுதிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர்கள் இன்று மதியம் இறுதி ஆட்டத்தில் ஒரு ரன் முன்னால் இருந்தார்கள். எதிரணியில் இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை. அவன் அடித்த பந்து வானத்துக்குப் போய், காஸ்மரின் வரிசைக்கு நேராக இறங்கியது. எங்கள் ஆள் சுவரோரம் ஓடி வந்து, கூட்டத்துக்குள் கையுறையை நீட்டிக் காத்திருந்தான். அதற்கு ஒரு சாண் மேலே, ரசிகர்களிடமிருந்து ஒரு வெறுங்கை நீண்டு பந்தைத் தட்டிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் வந்த பந்தை ரசிகர் தொட்டால் சட்டப்படி தப்பில்லை. பிழைத்துக்கொண்டவன் அடுத்த பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். பிறகு கொக்குகள் தங்கள் வழக்கப்படி நடந்துகொண்டார்கள்.

காவலர் ஓடெல் ஏழாவது தடவையாக வீடியோவை ஓட்டிக் காட்டினார். நீலக் கோட்டுக் கை. மைதானத்தில் நாற்பதாயிரம் பேரும் அதே நீலக் கோட்டுதான், ஓடெல் உட்பட.

"உங்க வரிசைதானே சார், நீங்களே பார்த்திருப்பீங்களே?"

"நான் எப்படிப் பார்ப்பேன்? தொப்பியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். நான் பார்த்தா அவங்க தோத்துடுவாங்கல்ல?"

பார்க்காமலும் தோற்றார்களே என்று ஓடெல் கேட்கவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர். அவர் தொப்பியும் திருப்பித்தான் இருந்தது.

பெர்னிஸைக் கேட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், தலைகள்தான் தெரிந்தன என்றாள்.

அந்த ஆளை ஊரை விட்டே தள்ளிவைக்க வேண்டும், அவன் வீட்டுக் குழாயைப் பிடுங்க வேண்டும், சாக்கடைக்கு அவன் பெயரை வைக்க வேண்டும் என்று காஸ்மர் வரிசையாகக் கேட்டார். மேயரைக் கூப்பிடச் சொன்னார். பிறகு பெர்னிஸைக் கைகாட்டினார்.

"எனக்காகக் கேக்கலை தம்பி. இவளைப் பாரு. இருபத்திரண்டு வயசுல மோதிரம் போட்டேன். இன்னிக்குக் காலைல பாதிரியார்கிட்ட தேதியே வாங்கிட்டேன், அடுத்த சனிக்கிழமை. என் வீட்டுல இவளுக்குன்னு அலமாரியைக்கூட காலி பண்ணிட்டேன். அந்தப் பாவி பந்தையா தட்டிவிட்டான்? ஒரு பொம்பளையோட வாழ்க்கையைத் தட்டிவிட்டான்."

ஓடெலுக்குக் கண் கலங்கியது. பெர்னிஸுக்கு ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்தார். இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

"விடு காஸ்," என்றாள். "அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குல்ல."

எங்கள் ஊரில் ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லோரும் சொல்வதுதான். காஸ்மர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

மைதான வாசலில் வழக்கம்போல் அவர் கிழக்கே போனார், அவள் மேற்கே போனாள். வீட்டுக் கதவைத் தாழிட்ட பிறகுதான் பெர்னிஸ் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். வீங்கிய உள்ளங்கையில் பந்தின் தையல் சிவப்பாகப் பதிந்திருந்தது. வருஷத்துக்கு எண்பத்தோரு ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம், ஒரு மனுஷனின் புலம்பலை அவ்வளவு கேட்பதே தாராளம், வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, அதன்மேல் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினாள்.