பாலைவனத்துக்கு ஒரு கடல் புத்தகம்

தம்பி அந்தப் புத்தகத்தை மேஜையில் வைத்ததும், என் கணவர் உருட்டப்போன பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொண்ணா?"

அட்டையில் ஒரு ஆக்டோபஸ் ஈட்டி பிடித்துக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் சண்டை போடுவதற்கான விதிகளாம். தலையணை கனம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவது ஒரு மாயாஜாலக் கதை. ஆளுக்கொரு வேஷம், பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்த வேண்டும். நடத்துகிறவள் நான். கணவர் வாள்வீரன். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் திருடன். தம்பி மந்திரவாதி.

இதன் விதிகளுக்கு ஒரே ஒரு மூலப் புத்தகம் போதும். வாள், மந்திரம், டிராகன், சாவு எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதிலேயே நாங்கள் இன்னும் பாதிக் கிணறு தாண்டவில்லை.

தம்பியோ துணைப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தான். குதிரைகளுக்கு ஒன்று, எங்கள் கதையில் யாரிடமும் குதிரை இல்லை. சாபங்களுக்கு ஒன்று, அதை வைத்துத் திருடனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வரவழைத்ததில், மருந்துக்கடைக்காரர் வெகுநாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மச்சான், நம்ம கதை எங்க நடக்குது?" என்றார் கணவர்.

"பாலைவனத்துல, மாமா."

"அதுல கடல் எங்கேருந்து வரும்?"

தம்பி யோசித்தான்.

"வரலாம்," என்றான்.

அவ்வளவுதான் அவன் பேச்சு. லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் ஸ்பேனரோடு குடித்தனம் நடத்துகிறவன். வீட்டுக்கு யாராவது வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். இந்த மேஜையில்தான் நாலு வார்த்தை வரும். அதுவும் மந்திரவாதிக்காகப் பேசும்போது.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு பல்லியை அடிக்கறதுக்கு மூணு புத்தகத்தைப் புரட்டறான். இந்தப் புத்தகம் இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லன்னா நான் ஆட்டத்தை விட்டுப் போறேன்."

திருடனும் எழுந்து நின்று, தானும் போவதாகச் சொன்னார்.

இரண்டு பேர் போனால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"திருப்பிக் குடுத்துட்டு வந்துடுடா," என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னால முடியாதுக்கா."

ஏன் என்று கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

சரி, இவன் வாயில்லாப் பூச்சி. கடைக்காரன் எவனோ ஆள் பார்த்துத் தலையில் கட்டுகிறான் என்று முடிவு செய்தேன். மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சண்டைக்கான வசனங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி, பின்னட்டையில் முத்திரை குத்தியிருந்த கடைக்குப் போனேன்.

கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தம்பி வயதுதான் இருக்கும். காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

புத்தகத்தை அவள் முன்னால் டப்பென்று வைத்தேன்.

"வாய் தெறந்து பேசத் தெரியாதவங்கன்னா எதை வேணும்னாலும் தலையில கட்டிடுவீங்களா?"

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதை வாங்காதீங்கன்னு நான்தான் மேடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்றேன். மூலப் புத்தகமே போதும், இதெல்லாம் வீண்னு. ஏன் வீண்னு கேப்பாரு. விளக்கிச் சொல்வேன். அவர் ஒத்துக்க மாட்டாரு. கடை சாத்தற வரைக்கும் அதைப் பத்தியே பேசிட்டு, கடைசியில வாங்கிட்டுப் போயிடுவாரு."

"யாரு?"

"இதை வாங்கினவர்தான். லிஃப்ட் வேலை பாக்கறவரு. ரொம்ப நல்லாப் பேசுவாரு."

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நான் அவனோட அக்கா," என்று மட்டும் சொன்னேன்.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் காதிலேயே செருகிக்கொண்டாள்.

"அவருக்கு இது பிடிக்கலையா?"

குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"அவனுக்குப் பிடிச்சிருக்கும்மா," என்று சொல்லி, புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். வாள்வீரனையும் திருடனையும் நான் சமாளித்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லு. இந்த மாதிரிப் புத்தகத்தையெல்லாம் வேற யாருதான் வாங்கறாங்க?"

அவள் அலமாரிப் பக்கம் திரும்பி, நேராகவே இருந்த பெட்டிகளை நேராக்கத் தொடங்கினாள்.

"வேற யாரும் வாங்க மாட்டாங்கக்கா. நம்ம கடைக்கு இதெல்லாம் வர்றதே இல்ல," என்றாள். "நான்தான் சொல்லி வரவழைக்கிறேன்."