நேர்ந்துவிட்ட சேவல்

டைகரின் வாயோரத்தில் செவலைச் சேவலின் இறகைப் பார்த்ததும் வடிவம்மாளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

டைகர், பக்கத்து வீட்டு மெட்டில்டாவின் நாய். ஓலை வேலியில் எந்த இடுக்கு இருந்தாலும் நுழைந்து வந்து கோழிகளை விரட்டும். குஞ்சு ஒன்று குறைந்தாலும் டைகர்தான் என்பாள் வடிவம்மாள். பருந்தும் கீரியும் தூத்துக்குடியை விட்டே போய்விட்டதாக அவளுக்கு நினைப்பு. நாயைக் கட்டிப் போடு என்று அவள் சொல்லாத நாள் இல்லை. கட்டிப் போட்டால் சோறு தின்ன மாட்டேன் என்கிறதே என்று மெட்டில்டாவும் சொல்லாத நாள் இல்லை.

போனது சாதாரணக் கோழியாக இருந்தால் வாய் வலிக்க ஏசிவிட்டு விட்டிருப்பாள். போனதோ சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

மகன் இசக்கியப்பன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டைக்குப் போயிருந்தான். அவன் முழுசாக வீடு வந்து சேர்ந்தால் கோயில் கொடைத் திருவிழாவில் இந்தச் சேவலைப் பலி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, தன் கையாலேயே சோளம் போட்டு வளர்த்தாள். அவனிடமிருந்து கடுதாசி வந்து மாசக்கணக்காகிவிட்டது. காலையில் அந்தச் சேவல் கூவினால்தான் அவளுக்கு உயிர் வரும்.

வேலியைப் பிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

“ஏளா மெட்டில்டா, வெளிய வா. ஒன் நாய் செஞ்ச காரியத்தப் பாரு.”

இல்லை என்று சாதிப்பாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள் வடிவம்மாள். மெட்டில்டாவோ தலையைக் குனிந்துகொண்டு உடனே ஒத்துக்கொண்டாள்.

“ஆமாக்கா, டைகர்தான் பிடிச்சுது. நாய் வாய் வச்சதச் சாமிக்குக் குடுக்க முடியாதேன்னு நாந்தான் குழி தோண்டிப் புதைச்சேன்.”

வடிவம்மாள் செருகிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள். சண்டை போடக்கூடத் தோன்றவில்லை.

“பிடிக்கையில சேவலு எப்பிடிளா இருந்துது? சீக்கு ஏதும் கண்டிருந்துதா?”

“சீக்கா? நல்லாத் துடியா இருந்துதுக்கா. நாயையே கொத்திட்டு ஓடப் பாத்துது.”

அப்போதுதான் வடிவம்மாளுக்கு மூச்சு வந்தது. நேர்ந்துவிட்ட உயிர் தானாகச் செத்திருந்தால், நேர்ச்சையைச் சாமி ஏற்கவில்லை என்று நினைத்து அவள் அன்றைக்கே பாதி செத்திருப்பாள். நாய் தூக்கியதற்குச் சாமி என்ன செய்யும்? குற்றம் நாயோடு போச்சு. வேறு சேவல் நேர்ந்துகொண்டால் தீர்ந்தது. கருப்பட்டிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்த அவள் புருஷன் சிவனணைந்தபெருமாளும் அதையேதான் சொன்னார்.

மூச்சு வந்ததும் கோபமும் கூடவே வந்தது. ஒன்று நாய் சங்கிலியில் கிடக்க வேண்டும், இல்லை தெருவை விட்டே போக வேண்டும் என்று அடித்துச் சொன்னாள். மெட்டில்டா சங்கிலியை எடுத்து வந்து கட்டினாள். கிறிஸ்மஸ் கறிக்கென்று வளர்த்த கறுப்புச் சேவலையும் கொண்டுவந்து நீட்டினாள். கொடுக்க வேண்டியதைத்தானே கொடுக்கிறாள் என்று வடிவம்மாள் முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு டைகர் பட்டினி கிடந்து ஊளையிட்டது. மெட்டில்டா பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினால்தான் ஏதோ கொஞ்சம் தின்றது.

“சாமி சொத்தத் தின்னா லேசுல செமிக்குமா?” என்று வேலிக்குக் கேட்கும்படி சொல்வாள் வடிவம்மாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்திலும் இதே பேச்சுதான். கொழும்புத் தோணியில் போய்த் திரும்பிய மெட்டில்டாவின் புருஷன் ரோச்சுக்கும் ஒரு பங்கு ஏச்சு கிடைத்தது.

பர்மாச் சண்டை முடிந்தது. இசக்கியப்பன் கை கால் சுகத்தோடு வந்து இறங்கினான். அந்த வருஷக் கொடையில் கறுப்புச் சேவல் சுடலைமாடனுக்குப் போனது. தன் நேர்ச்சை பலித்தது என்று வடிவம்மாள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

கொடை முடிந்த மறுநாள் இசக்கியப்பன் பக்கத்து வீட்டைப் பார்த்து வரக் கிளம்பினான். அந்த நாயை நம்பி மகனைத் தனியாக அனுப்ப மனம் வராமல் வடிவம்மாளும் கூடவே போனாள்.

வாசனை கண்டுகொண்டு டைகர் சங்கிலியோடு துள்ளியது. அவன் குத்த வைத்து உட்கார்ந்து அதன் வாய்க்குள்ளேயே கையை விட்டு விளையாடினான்.

“கிட்டப் போவாதலே, கடிச்சிரும்.”

இசக்கியப்பன் சிரித்தான். “எத வச்சும்மா கடிக்கும்? வாயில ஒத்தப் பல்லு இல்ல. எப்ப சித்தி விழுந்துது?”

“நீ பட்டாளத்துக்குப் போன வருசமே விழுந்துட்டு” என்றாள் மெட்டில்டா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வடிவம்மாள் குனிந்து பார்த்தாள். இத்தனை காலம் அந்த நாயைக் கல்லெடுத்து விரட்டியிருக்கிறாளே தவிர, அதன் வாய்க்குள் பார்த்ததில்லை. வெறும் ஈறுதான் தெரிந்தது.

“அப்பம் அந்தச் சேவல…” என்று இழுத்தாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

மெட்டில்டா இசக்கியப்பனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிள்ளை முழுசாக எதிரே நிற்கிறான், இனிமேல் சொல்லலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

“எங்க வேலியோரம் தானாத்தான் செத்துக் கெடந்துதுக்கா. புள்ள பர்மாவுல இருக்கையில அத ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்ல? அதான் இறக எடுத்து நாய் வாயில ஒட்டிவிட்டேன்.”