ஏரிக்கரைக் கோடு

ஏரிக்கரையைச் சுத்தி முள்ளுலயும் சேத்துலயும் அலைஞ்சுட்டு வந்த ஜிபிஎஸ் கருவி, நடந்த பாதை மொத்தத்தையும் கேபிள் வழியா மேப் சாஃப்ட்வேர்கிட்ட இறக்கி வெச்சுது.

சாஃப்ட்வேர் பாத்துட்டுச் சிரிச்சுது. "என்ன தம்பி, குடிச்சவன் நடந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது? இரு, நேராக்கிடறேன்."

"யோவ், கைய வெக்காதே! கரையே அப்படித்தான்யா வளையுது. நேராக்கினா பாதித் தண்ணி கோட்டுக்கு வெளிய போயிரும். அப்புறம் மண்ணடிச்சு ப்ளாட் போட்டு வித்துருவானுங்க!"

"கத்தாதே. கோட்டுல புள்ளி கொறஞ்சாதான் பாக்க லட்சணமா இருக்கும்."

"லட்சணமா? நீ என்னிக்காவது மேசைய விட்டு எறங்கி ஒரு ஏரியப் பாத்திருக்கியா?"

"பாத்து என்ன ஆகணும்? திருத்தியாச்சு. உனக்கும் அனுப்பிட்டேன், உன்கிட்ட இருந்த பழசு அழிஞ்சிருச்சு."

கருவிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இதைப் போயி சுமந்துட்டு வந்தியே, வெக்கமா இல்ல?"ன்னு கேபிள் மேல பாஞ்சுது.

"குடுத்ததைக் கொண்டாந்தேன், என்னை ஏன் திட்டற?"ன்னுச்சு கேபிள்.

கருவி தன் திரையைப் பாத்துது. அதுல அது தண்ணி மேலயே நேரா நடந்து போயிருந்துச்சு.

"பொய்யி! இது பச்சைப் பொய்யி!"

"எது பொய்யி?"ன்னுச்சு சாஃப்ட்வேர். "நீ நடந்த பாதைன்னு உன் திரையிலதானே இருக்கு."