விழுந்து காட்டுதல்

மேடையில் ரகுநந்தன் அழுதான்.

கீழே, முதல் வரிசையில், தமயந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சாவின் கதை. ஊரில் தனியாக இருக்கும் அம்மா. தலை சுற்றுகிறது என்று சென்னையில் இருக்கும் மகனுக்கு போன் போடுகிறாள். மகன் மீட்டிங்கில் இருக்கிறான். அழைப்பைத் துண்டித்துவிடுகிறான். அம்மா குளியலறையில் விழுகிறாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைக்கிறார்கள்.

பேச்சு முழுக்க ஆங்கிலம். 'அம்மா' மட்டும் தமிழ். அந்த இடங்களில் எல்லாம் குரல் உடைந்தது.

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஓட்டல் ஒன்றின் ஹால். காலையிலிருந்து எத்தனையோ புதுக் கம்பெனிகள் முதலீடு கேட்டு வந்து பேசிவிட்டுப் போய்விட்டன. ஒருவர் பேச்சையும் நிமிர்ந்து கேட்காத முதலீட்டாளர்கள், இப்போது செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

நடந்த கதைதான்.

ஆனால் அது அவளுடைய அம்மா. அழைப்பைத் துண்டித்தவள் அவள்.

ரகுநந்தனின் அம்மா காரைக்குடியில் உயிரோடு இருக்கிறார். இந்நேரம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்.

தமயந்தியும் ரகுவும் கல்லூரியிலிருந்தே நண்பர்கள். வயதானவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவள்தான் முதலில் சொன்னாள். கட்டியிருப்பவர் விழுந்தால் பட்டை தானே பிள்ளைகளைக் கூப்பிடும். எதற்கு இதில் இத்தனை வெறி என்று அவன் கேட்டான். அப்போதுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட, அம்மா தனக்கு போன் செய்ததைச் சொன்னதில்லை.

அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தை அவள் நட்பு என்று நினைத்தாள்.

போன வாரம் ஆலோசகர் ஒருவர் அவர்களுடைய ஒத்திகையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மார்க்கெட் கணக்கெல்லாம் சரி. உங்க வலி எங்கே? வலியைக் காட்டாதவனுக்கு எவனும் செக் எழுத மாட்டான்."

ரகு வலியைத் தேடியிருக்கிறான். பக்கத்து நாற்காலியிலேயே கிடைத்திருக்கிறது.

கதையை எடுத்துக்கொண்டான், போகட்டும். குற்றத்தையுமா? அவளைத் தூங்கவிடாத குற்றம், கண்ணாடியைப் பார்க்கவிடாத குற்றம், அவன் முகத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது.

கைத்தட்டல்.

நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி, பெரிய நிதி நிறுவனம் ஒன்றின் தலைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ டெமோ," என்றான் ரகு. "தமயந்தி, மேலே வா."

டெமோவில் விழுவது எப்போதும் அவள் வேலை. பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தென்று விழ வேண்டும். பட்டை அலறும். செட் செய்த எண்ணுக்கு அழைப்பு போகும்; இன்னார் விழுந்துவிட்டார் என்று அந்தத் திரையில் வரும். ஹாலில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் பெண் அதை எடுத்து ஹலோ என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள்.

அவள் மேடை ஏறினாள். நின்றாள்.

"விழு," என்று காலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, உதட்டை அசைக்காமல் சொன்னான்.

அவள் தன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினாள். அவன் கையைப் பிடித்து, அதில் கட்டினாள். மைக்கில் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க அம்மாதானே ரகு. நீங்க விழுந்து காட்டுங்க."

கல்லூரியிலிருந்து அவனை அவள் 'நீங்க' என்றதில்லை. அவனுக்கு அது புரிந்தது. ஹாலுக்குப் புரியவில்லை. யாரோ நெகிழ்ந்துபோய் மறுபடி கைதட்டினார்கள்.

பட்டையோடு இணைந்த போன் அவளிடம் இருந்தது. புது ஆள் கட்டினால், அவர் பெயரையும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அது கேட்கும். பெயர் ரகு என்று அடித்துவிட்டு, அவள் தன் கான்டாக்ட்டில் தேடினாள். ரகு அம்மா. அழுத்தினாள்.

அவன் விழுந்தான்.

நன்றாகவே விழுந்தான். முழங்கால் மடிந்து, தோள் சரிந்து, கன்னம் மேடையில் பட, கண்ணை மூடிக்கொண்டு. முன்வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

பட்டை அலறியது. ஸ்பீக்கர்களில் ரிங் போனது.

உடனே எடுத்துவிட்டார்கள்.

"ரகு? என்னய்யா இது, நீ விழுந்துட்டேன்னு வருது? அடிபட்ருச்சா? எங்க இருக்க?"

வயதான குரல். ஹால் முழுக்க.

கைதட்ட உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. இது டெமோவுக்கு ஏற்பாடு செய்த குரல் இல்லை என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொள்வது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

ரகு அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"ரகு... பேசுய்யா. அம்மாடா. ஐயா, பேசுய்யா..."

குரல் உடைந்தது. இது வேறு மாதிரி உடைந்தது.

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். இப்போது அதைத் தாங்க முடியவில்லை. மண்டியிட்டு அவன் மணிக்கட்டின் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, நான் தமயந்தி. பயப்படாதீங்க. இங்கதான் இருக்கான். அவனுக்கு ஒண்ணும் ஆகல."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

பிறகு கேட்டார்.

"அப்புறம் ஏம்மா அவன் பேச மாட்டேங்குறான்?"